பதினெட்டு இஞ்ச் உயரம்

கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியபோது, விஜிதா குக்கரில் மூன்றாவது விசில் வரும்வரை நின்று, அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் முன்னறைக்கு வந்தாள். அவளுக்கு அவசரமில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன நடக்கப் போகிறது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும்.

தச்சு வேலை செய்கிற தங்கப்பழமும் லோடு ஆட்டோக்காரரும் கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, முன்னறை மேஜையில் நின்ற மாதிரிக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தேக்குச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி. அடிப்பலகையில் கப்பலை வைத்து மேலே இதைக் கவிழ்க்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் கப்பலின் பாய்மரங்கள் பாதி உயரம் போவதற்குள் கண்ணாடி முடிந்துவிட்டது.

தங்கப்பழம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். டேப்பை எடுத்தான். கப்பலை அளந்தான், பெட்டியை அளந்தான், மறுபடியும் கப்பலை அளந்தான்.

"அண்ணாச்சி, ஒரு அடி மேல தூக்கிக்கிட்டு நிக்கே."

விஜிதாவின் கணவன் எபினேசர் கடைக்குக் கிளம்புகிற சட்டையில் நின்றிருந்தான். பீடர் ரோட்டில் அவனுக்குப் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு அளவு கேட்டுச் சாமான் கொடுக்கிறவன்.

"நான் அனுப்புன அளவு என்னவே?"

"இந்தா போன்ல இருக்கு பாருங்க. நீளம் முப்பத்தெட்டு, அகலம் பதினாலு, உயரம் பதினெட்டு. உங்க கையெழுத்துதான்."

எபினேசர் போனைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான். அவன் முகத்தில் அது எப்படி நடந்திருக்கும் என்பது ஒவ்வொன்றாக வந்து சேர்வதை விஜிதா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கப்பலின் உடலைச் செய்து முடித்து வார்னிஷ் அடித்த அன்று, கடை நோட்டில் அதன் அளவை எழுதி வைத்திருந்தான். பெட்டிக்கு அளவு கேட்டபோது அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தான். சுற்றிலும் இரண்டு இஞ்ச் கூட்டினான். அவனைப் பொறுத்தவரை கப்பல் அன்றைக்கே முடிந்திருந்தது.

"படுக்கப் போட்டுக் கொண்டு போயிரலாமா அண்ணாச்சி? கண்ணாடிக்குள்ள தூங்குத மாதிரி இருக்கும்" என்றான் தங்கப்பழம்.

எபினேசர் சிரிக்கவில்லை. அவனுடைய அண்ணன் சாம்சன் நான்கு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து காரில் வருகிறான். அவன் வேலை பார்க்கிற ஏற்றுமதி அலுவலகத்துக்கு நாளைக் காலை ஒன்பது மணிக்குப் புதுக் கட்டடத் திறப்பு. வாசலில் வைக்கப் பாய்மரக் கப்பல் ஒன்று தம்பி செய்து தருகிறான் என்று முதலாளியிடம் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

"வேற பெட்டி செய்ய எத்தனை நாளாவும்?"

"கண்ணாடி வெட்டி வரணும். மூணு நாள்."

எபினேசர் கப்பலை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு, கடையில் பைப் நீளமாக இருந்தால் சொல்கிற அதே குரலில் சொன்னான்: "கம்பத்தை மேல ஒரு அடி அறுத்துருவோம். இந்த நூலையெல்லாம் வெட்டிட்டா ஒரு மணி நேர வேலை. நூல்தானே. பொறவு விஜி கட்டிக்கிடுவா."

விஜிதாவுக்குக் காது மடல்கள் சுட்டன. கோபம் அவளுக்கு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

"இதெல்லாம் அக்கா கட்டினதா?" தங்கப்பழம் குனிந்து பார்த்தான். "இந்தக் குட்டிக் கப்பியெல்லாம்? நான் கடைல வாங்குனதுன்னுல்லா நெனச்சேன்."

"அவதான். பொழுது போவணும்லா."

இரண்டு வருஷம். அவன் முதலில் கடையிலிருந்த நைலான் நூலைக் கட்டிப் பார்த்தான். துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கியது. அதோடு அலுத்துப்போய் விட்டுவிட்டான். அவள் பக்கத்து வீட்டு மாடத்தியக்காவின் தறிக்கூடத்தில் மிஞ்சிய பருத்தி நூலைக் கேட்டு வாங்கினாள். மூன்று கம்பிக் கொக்கிகளை ஒரு பலகையில் கோத்து, சுற்றினால் மூன்றும் சேர்ந்து சுழலும்படி ஜன்னல் கம்பியில் கட்டினாள். அங்கிருந்து வாசல் கதவு வரை இருபத்தெட்டு அடி. கொக்கிக்கு ஒன்றாக மாட்டிய மூன்று நூல் புரிகளையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, பள்ளம் வெட்டிய ஒரு தக்கையின் வழியாக விட்டு, மொத்தத்தையும் இடப்பக்கம் முறுக்க வேண்டும். முதல் தடவை இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கிவிட்டாள். முனையை வெட்டியதும் முழுக்கயிறும் அவள் மடியில் புழுக்கள் மாதிரி நெளிந்து பிரிந்தது. எதிரெதிராக முறுக்கினால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அந்தச் சின்ன விஷயம் தெரிந்த சந்தோஷத்தில் மத்தியானம் சாப்பிட மறந்தாள்.

பிறகு தேன்மெழுகு பூசினாள். கொய்யாக் குச்சியைச் சீவி, கயிறு ஓடுகிற அரிசியளவு கப்பிகள் இருநூற்றுச் சொச்சம். உப்புத்தாள் ஒட்டிய பாட்டிலில் போட்டு ஆட்டி ஆட்டி அவற்றின் விளிம்பை மழுக்கினாள். பழைய மோட்டாரின் செம்புக் கம்பியில் வளையங்கள். அவை கறுக்க, அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தாள். அந்த நாற்றத்துக்கு எபினேசர் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தான். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கயிறுகளுக்கு மூன்று கண் வைத்த மர வில்லைகள் ஐம்பத்தாறு. மேல் வில்லைக்கும் கீழ் வில்லைக்கும் நடுவே மெல்லிய கயிறு மேலும் கீழுமாக ஓடி இறுகி நிற்கும். ஒரு முடிச்சிலும் அவள் பசை வைக்கவில்லை.

"ஒரு சொட்டு வச்சா சோலி முடிஞ்சிது. என்னத்துக்கு இந்தப் பாடு?" என்பான் அவன்.

நிஜக் கப்பலில் பசை கிடையாது. கட்டினது எதுவும் அவிழ்க்கிற மாதிரிதான் இருக்கும். இதை அவனிடம் சொல்ல அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் மேஜை இழுப்பறையில் கத்திரிக்கோலைத் தேடி எடுத்தான்.

"வைங்க அதை" என்றாள் விஜிதா.

"என்னட்டி?"

"நீங்க கடைக்குப் போங்க. கப்பல் பெட்டிக்குள்ள போற மாதிரி நான் செஞ்சி வைக்கேன்."

அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுதான் அவளை இன்னும் எரித்தது. "பாத்து வெட்டு. கீழ வார்னிஷ்ல கீறல் விழுந்திராம."

"ஒண்ணையும் வெட்ட மாட்டேன்."

அவன் அதைக் காதில் வாங்காமல் பைக் சாவியை எடுத்தான். தங்கப்பழம் மட்டும் படியிறங்கும்போது திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் கப்பலின் முன்னால் உட்கார்ந்தாள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, நடுப்பாய்மரத்தின் முதல் முடிச்சை ஊசிமுனையால் நெம்பினாள். முடிச்சு இளகிக் கொடுத்தது.

'நூல்தானே.' அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தது யார் என்று யோசித்தபோது கோபம் வந்து தன் மேலேயே விழுந்தது. சர்ச்சில் பெண்கள் கேட்பார்கள், வீட்டில் என்ன செய்யுதீய என்று. சும்மா, நூலை வச்சு ஏதோ செய்யுதேன் என்பாள். சாம்சன் அத்தான் போன தடவை வந்து கப்பலைப் பார்த்து, "ஏலே எபி, பின்னிட்டியே" என்றபோது, அவள் காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எபினேசர் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னம் கூசியது.

ஒவ்வொரு வில்லையாக அவிழ்த்தாள். மெல்லிய கயிற்றை மூன்று கண்களிலிருந்தும் உருவி, அதன் மேல் வில்லையிலேயே சுற்றிக் கட்டினாள். முன்பக்கம் இழுத்துக் கட்டிய தடித்த கயிறுகளைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். எதை முதலில் விட்டால் எது தளரும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. அதனால் மனம் வேறு இடத்துக்குப் போக வசதியாயிற்று.

அது போன இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, அவன் பில் ஒன்றின் பின்பக்கத்தில் அளவையும் தேதியையும் எழுதி, போனில் படமெடுத்து தங்கப்பழத்துக்கு அனுப்பிவிட்டு, சீட்டைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுப் போனான். தட்டை எடுக்க வந்தவள் பார்த்தாள். உயரம் பதினெட்டு. டேப்பை எடுத்து அளந்தாள். கப்பலின் உச்சி இருபத்தொன்பதே முக்கால். ஒரு போன் பண்ணினால் போதும். போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். பிறகு சீட்டை மடித்து, ஜெப புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள்.

தினமும் ராத்திரி அவன் சாப்பிடுகிற இடத்திலிருந்து பார்த்தால் கப்பல் நேரே தெரியும். இன்றைக்குப் பார்த்துவிடுவான் என்று நினைப்பாள். ஐயோ தப்பா எழுதிட்டேனே என்று எழுந்துவிடுவான் என்றும் நினைப்பாள். இருபது நாள் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு கப்பலைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் அவளுக்குள் ஏதோ ஒன்று கசந்து, அதோடு ஒரு கெட்ட திருப்தியும் சேர்ந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தோற்க வேண்டும் என்று காத்திருந்தவள், அதற்காகத் தன் கயிறுகளையே பணயம் வைத்திருக்கிறாள். அவளுக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. அதற்காகக் கோபம் குறையவும் இல்லை.

மூன்று மணிக்கு மூன்று பாய்மரங்களும் கயிறுகளோடும் குறுக்குமரங்களோடும் முழுசாகக் கழன்று வந்தன. ஒரு புரிகூட அறுபடவில்லை. உள்ளறையில் துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். கண்ணாடிக் கூட்டைத் தனியாகத் தூக்க முடியாது. பக்கத்து வீட்டு மாடத்தியைக் கூப்பிட்டாள். இருவருமாகக் கப்பலின் மேல் கவிழ்த்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது.

மாடத்தி தள்ளி நின்று பார்த்தாள். "என்னட்டி இது, உச்சியைக் கழட்டி வச்ச தேர் மாதிரி. ஒம் மாப்பிள்ளை சாமியாடப் போறாரு."

"ஆடட்டும்க்கா."

"நான் வேணா இருக்கட்டா?"

"வேண்டாம். நீங்க போங்க."

நாலே காலுக்கு எபினேசரும் சாம்சனும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். சாம்சன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான்.

"ஏலே எபி. என்னலே இது, பரிசல் மாதிரி இருக்கு."

எபினேசர் அவளைப் பார்த்தான். "கம்பமெல்லாம் எங்க?"

"உள்ள தொங்குது."

"விஜி."

"உங்க கப்பல் பெட்டிக்குள்ள இருக்கு. சுத்தி ரெண்டு இஞ்ச் இடமும் இருக்கு. நீங்க எழுதின அளவு சரியான அளவுதான்."

சாம்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏம்மா விஜிதா, நாளைக்கு ஒம்பது மணிக்குத் திறப்பு. வெளையாடுத நேரமா இது? அதை எடுத்துச் சொருகு."

"சொருக முடியாது அத்தான். கட்டணும். அதுக்கு மூணு நாளாவும். பெட்டி செய்யவும் மூணு நாளாவும். புதுப் பெட்டி வந்த பொறவு உங்க ஆபீஸுக்கே வந்து, வாசல்ல உட்கார்ந்து நானே கட்டித் தாரேன். வாரவங்க போறவங்க பாக்கட்டும்."

"மொதலாளிட்ட நான் என்ன சொல்ல?"

"கப்பல் இன்னும் முடியலன்னு சொல்லுங்க. நெசமும் அதுதான்."

அவள் குரல் உயரவில்லை. உயர்த்தினால் அழுகை வந்துவிடும். அதை இவர்கள் கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

சாம்சன் வாசல் பக்கம் திரும்பினான். "நல்லாருக்குலே. பூச்சட்டி ஒண்ணு வாங்கி வச்சுக்கிடுதேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வெளியேறினான். கார்க் கதவு தேவைக்கு மேல் சத்தமாக மூடியது.

எபினேசர் நாற்காலியில் உட்கார்ந்தான். "அண்ணன் மொகத்துல கரியைப் பூசிட்ட. இப்படிக் கழட்டப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? சரி, அளவு தப்புன்னு ஒனக்கு மட்டும் முன்னாலயே எப்படித் தெரிஞ்சிருக்கும்? நீயும் இன்னைக்குத்தானே பாத்த."

அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும். அவள் சும்மா இருந்திருந்தால் தப்பு முழுவதும் அவனுடையதாகவே இருந்திருக்கும். அவள் ஜெப புத்தகத்தைத் திறந்து சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் தேதியைப் பார்த்தான். "அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன். அளந்தும் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

மறந்துட்டேன், நீங்க கூட்டிச் சொல்லிருப்பீயன்னு நெனச்சேன் என்று பதில்கள் நாவில் வந்து நின்றன. எல்லாம் பொய்.

"நீங்க பாப்பீயளான்னு பாத்தேன்" என்றாள். "இருவது நாள்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பிக் கத்த அவளிடமும் வார்த்தை இருந்தது. அவன் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள். கொடியில் தொங்கிய பாய்மரங்களின் முன்னால் நின்றான். ஒரு கப்பியைத் தொடக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க."

கையை எடுத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி, நடுப்பாய்மரத்தின் பக்கத்தில், படாமல், மேலிருந்து கீழே பிடித்தான்.

"இருவத்தி நாலு" என்றான். பேனாவை எடுத்து, சீட்டில் பதினெட்டை அடித்துவிட்டு இருபத்தி நாலு என்று எழுதினான். "ரெண்டு இஞ்ச் கூட்டி தங்கப்பழத்துக்கு அனுப்பிருதேன்."

பாய்மரத்தின் அடி கப்பலுக்குள் எவ்வளவு இறங்கும், கப்பலின் உடல் எவ்வளவு, அதைத் தாங்குகிற கட்டை எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. விஜிதா அந்தப் பேனாவைப் பார்த்தாள். இன்னொரு பெட்டி வந்து இறங்குவதும், இதே மாதிரி அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வருவதும் கண்முன் தெரிந்தன. எவ்வளவு சுலபம் அது.

"தப்பு" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"முப்பத்திரண்டுன்னு எழுதுங்க. ஏன்னு கேளுங்க, சொல்லுதேன்."

காது மடல் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆறிவிட்டது மாதிரி காட்டிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை. அவன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். அவன் கேட்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை.