விரிக்காத இலை

செபாஸ்டியன் செய்தியைச் சொல்ல வந்தபோது ரமணி தன் சாப்பாட்டுக் கடையின் பின்புறம் பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். டத்தோ கிராமாட் சாலையில் அவர்களுடைய கடைவரிசை முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் அவளிடம் வந்திருந்தான். கண் மருத்துவர்களின் மாநாடு பினாங்கில் நடக்கப் போகிறது, வெளிநாட்டுக்காரர்கள் நிறைய, மதியச் சாப்பாட்டுக்கு அவர்களை நம் வரிசைக்கே பஸ்ஸில் அழைத்து வருகிறார்கள் என்றான். பதாகைகளும் பெயர் அட்டைகளும் அவனுடைய அச்சகத்துக்கு. பலகாரம் பக்கத்துக் கடை ரோஹானாவுக்கு. வாழையிலைச் சாப்பாடு ரமணிக்கு. யார் ஏற்பாடு என்று அவள் கேட்டதும் அவன் பார்வை பாகற்காய்க்குப் போனது.

"மோகனராஜ்தான் அக்கா. இப்ப இவென்ட் கம்பெனி நடத்துறான்லா."

மோகனராஜ் அவளுடைய கணவனாக இருந்தவன். ஒரு நண்பகலில் இதே கடைக்குள்ளிருந்து அவளுடைய தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, வெளியே தூண்கள் வரிசையாக நிற்கும் ஐந்தடி நடைபாதையில் போட்டு அடித்தவன். அன்றிலிருந்து அவளுக்கு இடது காது கேட்பதில்லை. விவாகரத்தும் கடையும் கோர்ட்டில் கிடைத்தன. காது கிடைக்கவில்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எதிரிலிருந்த அரசாங்க அலுவலகம் வேறிடம் போனதிலிருந்து பாதி மேசைகள் காலியாகவே கிடந்தன. சமையலுக்கு உதவிய பெண்ணையும் நிறுத்தியாயிற்று. சரி என்றாள். அந்தச் சரியைச் சொன்ன நாக்கை அன்று முழுவதும் வெறுத்தாள்.

மாநாடு வந்தது. வரிசையே வேறு மாதிரி ஆனது. கழுத்தில் அட்டை தொங்க மருத்துவர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். சேலை வாங்கினார்கள், தைல பாட்டில்களை மோந்து பார்த்து வாங்கினார்கள், ரோஹானாவின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் காலையிலேயே தீர்ந்தன. நின்று கிடந்த அச்சு இயந்திரம் ஒன்றைச் செபாஸ்டியன் துடைத்து ஓட்டினான். ரமணியின் கடையில் கொழும்பு மருத்துவர் ஒருவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார். அவளுக்கே மறந்துபோயிருந்த ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் கசந்தது. வரிசையில் எந்தக் கடையில் காதைக் கொடுத்தாலும் மோகனராஜ் புகழ்தான். இப்படி ஓர் ஆள் நமக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்றார் துணிக்கடைக்காரர். அவனை மிருகம் என்று அவளிடம் சொல்லி ஆறுதல்படுத்தியவரும் அவர்தான்.

கடைசி நாள் அவனே வந்தான். விருந்தினர் நிறைந்த அவளுடைய கடையின் நடுவில் நின்று, இந்த வரிசை என் குடும்பம், இவர்கள் முன்னேறுவதைவிட எனக்கு வேறென்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் பேசினான். எல்லோரும் கைதட்டினார்கள். வாசலில் நின்ற செபாஸ்டியன் மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தட்டினான். மோகனராஜ் பெரிய மேசையில் மருத்துவர்களுக்கு நடுவே உட்கார்ந்தான்.

ரமணி தானே இலை போட வந்தாள். அவனுக்கு வலப்பக்கம் ஓர் இலை. இடப்பக்கம் ஓர் இலை. அவனுக்கு முன்னால் வெறும் மேசை. சோறு வந்தது, கூட்டு வந்தது, அப்பளம் வந்தது. மேசையில் பேச்சு மெல்ல அடங்கியது. பக்கத்திலிருந்த அம்மாள் தர்மசங்கடத்தோடு தன் இலையை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் சிரித்த முகம் மாறாமல், குரலைத் தாழ்த்தினான்.

"ரமணி, எல்லாரும் பாக்குறாங்க."

அவள் கேட்கும் காதைத் திருப்பி அதை முழுசாக வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கும் எல்லாரும்தான் பாத்தாங்க."

அவன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனான். அது அடிக்கவே இல்லை.

பஸ் கிளம்பியதும் செபாஸ்டியன் வந்தான். கடைக்காரர்கள் சிலர் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். அவன் உட்காரவில்லை.

"அடுத்த மாநாட்ட அவன் வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டா நாங்க என்ன பண்றது? உங்க சண்டைக்கு எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க? போன் போட்டு ஒரு சோரி சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு நீ ஷட்டர பாதி எறக்குன செபா. நான் தரையில கெடந்தேன். கீழ உன் காலு தெரிஞ்சிச்சு. போகவும் இல்ல, வரவும் இல்ல."

செபாஸ்டியன் திரும்பி நடந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அதன்பிறகு வரிசையில் அவளோடு யாரும் பேசவில்லை. ரோஹானா மட்டும் காலையில் தலையசைப்பாள். ரமணி அடி வாங்கிய அன்றைக்கு அவளும் வெளியே வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தண்ணீர் கொண்டுவந்தவள் அவள்.

அடுத்த மாநாடு ஆசிரியர்களுடையது. மோகனராஜ் இடத்தை மாற்றவில்லை. இலைச் சாப்பாட்டை வரிசைக் கோடியிலிருந்த புதுக் கடைக்குக் கொடுத்தான், அவ்வளவுதான். காலையிலேயே அவனுடைய ஆட்கள் ரமணியின் கடை முன்னால் தூணுக்குத் தூண் மஞ்சள் கயிறு கட்டி, விருந்தினர் சாலையோரமாகப் போகும்படி செய்தார்கள். அவள் எப்போதும்போல் சமைத்தாள். சோற்றைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே நின்றாள்.

பஸ் வந்து நின்றது. ஆசிரியர்கள் இறங்கி, கொடி பிடித்தவனின் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். அப்போது ரோஹானா, வாங்க நின்றவர்களை விட்டுவிட்டு, மாவுக் கையோடு வெளியே வந்து முதல் தூணருகே குனிந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள், வரவில்லை. பல்லால் கடித்தாள். பஸ்ஸருகே நின்ற மோகனராஜ் அவளை நோக்கி வேகமாக நடந்து வந்தான். ஆசிரியர்கள் நின்றுவிட்டார்கள். ரமணி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படியிறங்கி, அடுத்த தூணின் முடிச்சைப் பிடித்தாள்.