சூளைக் கதவும் நிராகரிப்பு நிபுணரும்

கூரை ஓட்டுத் தொழிற்சாலையின் புள்ளியியல் நிபுணர் தொண்டையைச் செருமினால், பேருண்மை ஒன்று பிறக்கப்போகிறது என்று பொருள். இன்று பிறந்தது ஒருவர் வேலைக்கு உலை.

"இவ்வளவு ஓடு தற்செயலா விரிசல் விட வாய்ப்பே இல்லை. ஆகவே தற்செயல் என்ற கருதுகோளை நிராகரிக்கிறேன். ஆகவே சூளைக்காரரின் கவனக்குறைவு."

மூலையில் நின்ற சூளைக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பேனாவைத் திறந்தார்.

"ரெண்டாவது ஆகவே எங்கேருந்து குதிச்சுது அத்தான்?" என்றாள் நிபுணரின் உதவியாளர். அவர் மனைவியின் தங்கை.

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு."

"சரி, சார் அத்தான். தற்செயல் இல்லேன்னா இவர்தானா? கதவு இருக்கே! அது சரியா மூடாம குளிர்காத்து புகுந்தா கதவோர ஓடுதான் விரிசல் விடும். இவர் சூட்டைத் தாறுமாறா ஏத்தி இறக்கினா எல்லா வரிசையிலயும் விரிசல் விடும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்களா?"

"அது ஒப்பீடு. நம்ம முறை நிராகரிப்பு."

"எந்த வரிசையில விரிசல் விட்டுதுன்னாவது தெரியுமா?"

தெரியாது. பாரபட்சம் கூடாதென்று, எண்ணுவதற்கு முன்பே உடைசலையெல்லாம் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்க உத்தரவிட்டவர் அவர்தான். ஆதாரத்தை அள்ளிக் கொட்டிவிட்டு அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்கப் பெரிய படிப்பு வேண்டும்.

கீழே அன்றைய சூளையைப் பிரித்து ஓடுகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் படியில் தடதடவென்று இறங்கினாள். "கொட்டாதீங்க! இருந்த வரிசையிலேயே தரையில அடுக்குங்க!"

அடுக்கினார்கள். முதலாளியும் நிபுணரும் வந்து பார்த்தார்கள். கதவோர வரிசையில் விரிசல் விடாத ஓடு தேடவேண்டியிருந்தது. மற்றவை முழுசாகக் கிடந்தன.

"ஒரு சூளையை வெச்சு முடிவு பண்ண முடியாது," என்றார் நிபுணர்.

"இவர வீட்டுக்கு அனுப்ப மட்டும் ஒண்ணையும் பார்க்காம முடிஞ்சுதா?"

முதலாளி பேனாவை மூடினார். "சரிப்பா, போய் வேலையைப் பாரு," என்றார், ஏதோ தானம் கொடுத்தவர்போல.

சூளைக்காரர் நகரவில்லை. முகம் சிவந்திருந்தது. கையுறைகளைக் கழற்றி நிபுணரின் கையில் திணித்தார்.

"கதவு மூடலைன்னு நாலு தடவ மேல வந்து சொன்னேன். இப்ப நீங்க மூடிக் காட்டுங்க சார். அப்புறம் நான் வேலையைப் பார்க்கறேன்."

நிபுணர் தள்ளினார். தோள் கொடுத்துத் தள்ளினார். கழுத்து டை அவிழ்ந்ததுதான் மிச்சம். கதவோரம் விரல் நுழையும் இடைவெளி அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவ தள்ளுங்க அத்தான்," என்றாள் மைத்துனி. "தற்செயலா இருக்கப் போகுது."