நேரம் தெரியாத மணிக்கூட்டின் முள்

விநாடி காட்டும் செக்கன் முள் ஓடுவதை எப்போதாவது பொறுமையாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? மற்ற இரண்டு முட்களும் நேரம் சொல்லிப் பெயர் வாங்கிவிடுகின்றன. ஓடுவது அதுதான். இங்கே பதுளையில், தனி அறையில், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நெடுந்தீவில் இருந்த காலத்தில் என் கைமணிக்கூடு சாவி கொடுக்கத் தேவையில்லாதது. கை ஆடினால் ஓடும். பழசாகிவிட்டதால், கழற்றி வைத்தால் கொஞ்சத்தில் நின்றுவிடும். நேரம் திருத்தும் திருகி வள்ளக் கயிற்றில் அகப்பட்டு உடைந்ததிலிருந்து அது சரியான நேரம் காட்டியதில்லை. "இலட்சுமணனிட்டை நேரம் கேட்டால் போன கிழமையைச் சொல்லுவான்" என்று இறங்குதுறையில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எழுபத்திரண்டாம் ஆண்டு மார்கழி. மனைவி சீதேவிக்கு முதற்பிள்ளை. விடியத் தொடங்கிய வலி மத்தியானமாகியும் தீரவில்லை. கடல் கொந்தளித்து, அக்கரைக்கு ஆள் ஏற்றும் லோஞ்ச் ஓடவில்லை. வள்ளத்தில் ஏற்றி அக்கரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று என் அக்கா அன்னபூரணம் ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் கடலில் வள்ளம் போய்ச் சேருமா என்பதே எனக்குச் சந்தேகம்.

நாங்கள் மிசி என்று கூப்பிடும் மருத்துவிச்சி மேரிறோஸ் தன் மணிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார். செக்கன் முள் கழன்று கண்ணாடிக்குள் கிடந்தது.

"வயித்துக்குள்ளை பிள்ளையின்ர நெஞ்சு அடிக்கிறதை எண்ணவேணும். நல்லா அடிச்சால் இஞ்சையே பெறலாம். இல்லாட்டி வள்ளந்தான். ஆரிட்டையும் செக்கன் முள்ளு இருக்கோ?"

"என்ரை நேரம் பிழை, மிசி."

"நேரம் ஆருக்கு வேணும்? முள்ளு ஓடுதோ?"

"ஓம். கழட்டினால் நிண்டுபோம்."

"அப்ப கையோடை தாரும்."

அக்கா வாசலை மறித்தார். "ஆம்பிளை உள்ளுக்கு வரக்கூடாது."

"கை மட்டும் வரட்டும்."

ஓலைத் தட்டியை விலக்கிக் கையை உள்ளே நீட்டினேன். சீதேவியின் வயிற்றில் மரக்குழலை வைத்து, காதைக் கொடுத்து, மேரிறோஸ் என் மணிக்கட்டைப் பார்த்தபடி எண்ணினார்.

"நல்லா அடிக்குது. வள்ளம் வேண்டாம். திரும்பவும் பாக்கவேணும், கையை ஆட்டிக்கொண்டு நில்லும்."

முற்றத்தில் நின்று ஆட்டினேன். வேலிக்கு மேலால் அயல்வீட்டு வல்லிபுரம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்னடா, கடிக்கிற நுளம்பைக் கலைக்கிறியோ?"

"பிள்ளை பெறுறன், அண்ணை."

கூப்பிடும்போதெல்லாம் கை உள்ளே போனது. ஒவ்வொரு முறையும் "வள்ளம் வேண்டாம்" என்று குரல் வந்தது. மணி தெரியாது, நாள் தெரியாது. அந்தச் சிவப்பு முள் ஒரு சுற்றிலும் பிசகவில்லை.

விளக்கு வைக்கும்போது மகள் அழுதாள்.

"சாதகத்துக்கு நேரம் என்னடா?" என்றார் அக்கா.

"விளக்கு வைச்ச நேரமெண்டு சொல்லுங்கோ."

மறுநாள் காலை கடல் அடங்கி லோஞ்ச் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் ஏறவில்லை.