வேப்பிலை கட்டாத வாசல்

"உன் ஸ்கிரீனை நான் என்ன கடிச்சுத் தின்னுடப் போறேனாடா? ஒரு மத்தியானம்! ஒரே ஒரு மத்தியானம்!"

"மாமி, அது கம்பெனி சாமானாக்கும். வெளியிலே தரப்படாது."

"கம்பெனி சாமானை எதுக்குடா நாலு நாளாக் கொல்லைக் கொடியிலே தொங்கப் போட்டிருக்கே? காக்காய்க்குக் காட்டவா?"

"வெயில் காட்டறேன் மாமி."

"வெயில் காட்டறானாம்! வடாமா அது?"

கரமனை அக்ரஹாரத்தில் அன்று வியாழக்கிழமை. நாகலக்ஷ்மி மாமியின் குரலுக்கு மதில் ஒரு தடையே இல்லை. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட முங்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாமியின் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எல்லாருக்கும் பட்டது. மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவள் பெண் விஜயத்தைப் பார்க்க வருகிறார்கள். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள நிலைப்படி புகை பிடித்துக் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. அந்தக் கரி வாசலில் ஒரு நல்ல திரை தொங்கினால் பெண்ணும் ஒரு சுற்று நிறம் கூடித் தெரிவாள். அடுத்த வீட்டுக் கொடியிலோ சிவப்பு வெல்வெட்டில் பச்சையும் நீலமுமாய் ஒரு மயில் தோகை விரித்துக்கொண்டு சும்மா தொங்குகிறது. கேட்கத்தானே தோன்றும்?

கொடுக்கமாட்டேன் என்று நின்ற நீலகண்டன் அப்படியொன்றும் கஞ்சனல்ல. மதராஸ் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய் வீட்டு அலங்காரச் சாமான் விற்கிற ஏஜெண்ட். கதவுத் திரை, மேஜை விரிப்பு, கில்ட்டுச் சட்டம் போட்ட கண்ணாடி, காகிதப் பூ எல்லாவற்றுக்கும் மாதிரியைத் தகரப் பெட்டியில் அடைத்துக்கொண்டு மாதத்தில் இருபது நாள் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் கிடப்பான். சத்திரத்தில் படுக்கை, காப்பி கிளப்பில் சாப்பாடு. விழிஞ்ஞத்தில் மீன் வாடை ஏறிய மேஜை விரிப்பை ஆற்றிங்கலில் 'இது கப்பலில் வந்த வாசனை' என்று சொல்லி விற்றவன். அப்படிப்பட்ட வாய் இப்போது மதிலுக்கு இந்தப் பக்கம், திரைக்குப் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திக்கித் திக்கிப் பேசியது. அந்தப் பத்தடியை யாரும் கவனிக்கவில்லை.

"இருக்கட்டும்டா," என்றாள் மாமி. "உன் பொண்ணுக்கும் ஒரு நாள் பார்க்க வருவா. அன்னைக்கு எங்காத்துக் கோலப்பொடிகூட உனக்குக் கிட்டாது."

நீலகண்டன் உள்ளே போனான். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்ததும் அது வயிற்றுக்கே திரும்பிப் போய்விட்டது.

விஷயம் கல்லாற்றில் நடந்தது. ஐந்து நாளைக்கு முன்னால்.

வீடு வீடாக ஏறி இறங்குகிறவனுக்குச் சில கணக்குகள் உண்டு. நாயைக் கட்டிப் போடாத வீட்டுக்குள் போகாதே. நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் படியேறாதே, உள்ளே அம்மை. பன்னிரண்டு வருஷமாக நீலகண்டன் வேப்பிலையைப் பார்த்துப் பார்த்துத்தான் பிழைத்திருந்தான். மார்கழியில் மலையடிவாரத்தில் வசூரி, அதாவது பெரியம்மை, இருக்கிறது என்று நெடுமங்காட்டு பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். அவனும் ஜாக்கிரதையாகத்தான் போனான்.

எஸ்டேட் ரைட்டர் நேசையன் வீட்டு நிலை சுத்தமாக இருந்தது. போன மாதம் அவன் அங்கே மயில் திரையை விரித்துக் காட்டியிருந்தான். நேசையனின் ஐந்து வயதுப் பெண் அதன் மேலேயே விழுந்து புரண்டாள். இந்தத் தடவை அவன் தெருவில் தலை காட்டியதுமே நேசையனின் சம்சாரம் சரசம்மா ஓடி வந்து கூப்பிட்டாள்.

"சாமி, அந்த மயில் இருக்கா? உள் வாசல்ல ஒரு தடவை தொங்கப் போட்டுக் காட்டணும் சாமி. பெருநாளுக்கு வாங்கலாம்ணு."

போட்டான். கம்பை நிலையில் மாட்டித் தோகையை நீவிவிட்டு, "எப்படி? கொள்ளாமா?" என்று திரும்பினான். சரசம்மா அவனைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் ஓரம் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை வந்து மயிலின் கழுத்தைத் தடவிற்று. அப்புறம் திரையைச் சேர்த்து இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. அந்தக் கையில் விரல் நுனி வரைக்கும் முத்து. கொழகொழவென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

கிறிஸ்து வேதக்காரர்கள் வீட்டில் வேப்பிலை கட்டமாட்டார்கள் என்பது அப்போதுதான் நீலகண்டனுக்கு ஞாபகம் வந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவன் மூளைக்கு மட்டும் பன்னிரண்டு வருஷமாக எட்டவில்லை.

"ஆர்கிட்டயும் பறையாதீங்க சாமி," என்றாள் சரசம்மா. "தெரிஞ்சா அம்மை ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. இந்த லைன்லேருந்து போன புள்ளைங்க ஒண்ணும் திரும்பி வரலை. ராத்திரி பூரா மயில் மயிலுண்ணு கரைஞ்சுது. அதான் விளிச்சேன்."

பின்னால் நேசையன் கைகூப்பிக்கொண்டு நின்றான். நீலகண்டன் தலையாட்டினான். தலையாட்டியபடியே கம்பைக் கழற்றித் திரையை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்து மூடினான். அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் காட்டி முடித்த சாமானை மடித்து வைப்பது கைக்குப் பழகிய வேலை. புத்தி அப்போது எங்கேயோ போயிருந்தது. மயிலை எடுத்ததும் உள்ளே அழுகை கிளம்பியது. ஆற்றுப் பாலம் வரைக்கும் அது கேட்டதாக அவனுக்குத் தோன்றியது. பஸ் நெடுமங்காட்டைத் தாண்டின பிறகுதான் மடியில் என்ன வைத்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

எரிக்கலாமென்றால், மாத முதல் தேதிக்கு மதராஸிலிருந்து ஆள் வந்து மாதிரிகளைச் சரிபார்ப்பான். ஒன்று குறைந்தாலும் வேலை போச்சு. வெந்நீரில் போட்டால் வெல்வெட் பாழ். கடும் வெயில் விஷத்தை முறிக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பிக் கொடியில் போட்டான். நான்கு நாளாக வாசல் அறையில் தனியாகப் படுத்தான். இரண்டு வயதுப் பெண் "அப்பா" என்று காலைக் கட்ட வந்தால் துள்ளி விலகினான். கில்ட்டுக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு நெற்றியையும் உள்ளங்கையையும் பார்த்தபடி இருந்தான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி சீதாலக்ஷ்மிக்குத் தோன்றியது வேறு. தனிப் படுக்கை, ஓயாமல் கண்ணாடி, யாருக்கும் தரமாட்டேன் என்று ஒரு வெல்வெட் திரை. நெடுமங்காட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அப்படித்தான் இருக்கும் என்று தெருவில் இரண்டு மூன்று பேர் அவளுக்குத் தைரியம் சொல்லவும் செய்தார்கள்.

அன்று மத்தியானம் நீலகண்டன் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கார்பாலிக் திராவகம் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு திரும்பினான். திரையில் தெளித்துப் பார்க்கலாம் என்று எண்ணம். கொல்லைக்குப் போனான். கொடி காலியாக இருந்தது.

"எங்கேடி அது?"

"எது?"

"திரை! மயில்!"

"நாகலக்ஷ்மி மாமி ஆத்திலே." சீதாலக்ஷ்மி அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நான்தான் குடுத்தேன். நெடுமங்காட்டுக்காரிக்கு வேறே வாங்கிக்கோங்கோ."

"தொட்டியா? கையாலே தொட்டியா?"

"பின்னே காலாலேயா எடுத்துக் குடுப்பா?"

புட்டி கீழே விழுந்து உடைந்தது. நீலகண்டன் மேல்துண்டுகூட இல்லாமல் அடுத்த வீட்டுக்குள் ஓடினான்.

கூடம் நிறைய ஆள். பாயில் மாப்பிள்ளைப் பையன், மதுரையில் ஏதோ காலேஜ் வேலை. பக்கத்தில் அவன் அத்தை, மோவாயைத் தூக்கியபடி உத்தரத்திலிருந்து தரை வரை எடை போட்டுக்கொண்டிருந்தாள். சொஜ்ஜி வந்துவிட்டது, பஜ்ஜி எண்ணெயில். உள் நிலையில் மயில் தோகை விரித்து ஜம்மென்று தொங்கியது. அத்தையின் கண்ணே அதில்தான். நீலகண்டனின் கண்ணும் அதில்தான்.

திரையின் ஓரம் அசைந்தது. வளை போட்ட ஒரு கை வெளியே வந்து மயிலின் கழுத்தைத் தடவிற்று. கூப்பிடும்வரை விஜயம் அங்கே நின்றிருக்கிறாள், பாவம், வெடவெடத்துக்கொண்டு. அப்புறம் அந்தக் கை திரையைச் சேர்த்து இழுத்து மேலுதட்டு வியர்வையை ஒற்றிக்கொண்டது.

நீலகண்டன் பாய்ந்தான். கம்பு, ஆணி, காரை எல்லாமாகச் சேர்ந்து திரை கீழே வந்தது. அதற்குப் பின்னால் மாம்பழக் கலர்ப் புடவையில் விஜயம் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"வாட் இஸ் திஸ், நீலகண்டா?" என்று எழுந்தார் அவள் அப்பா வெங்கடசுப்ரமணியன். சர்க்கார் கச்சேரி குமாஸ்தா, கோபம் வந்தால் இங்கிலீஷ்தான். "நான்சென்ஸ்!"

"பாவி! கரிமுடிஞ்சான்! ஒரு துணிக்காகவாடா?" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கம்பெனி சாமான்," என்றான் அவன். அது அவனுக்கே கேட்கவில்லை.

"இது யாரு?" என்றாள் அத்தை. "இந்தப் பொண்ணுக்கும் இவனுக்கும் என்ன?"

அந்தக் கேள்வியில் எல்லாரும் அத்தையின் பக்கம் திரும்பினார்கள். நீலகண்டன் மட்டும் விஜயத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"விஜயம், உனக்கு அம்மை குத்தியிருக்கோ?"

"குத்தியாச்சு, குத்தியாச்சு," என்று மாமி குறுக்கே விழுந்தாள்.

குத்தவில்லை என்பது தெருவுக்கே தெரியும். தடுப்புக்கு அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் வந்த அன்று மாமி ஐந்து வயது விஜயத்தை நெல் பத்தாயத்துக்குள் போட்டு மூடினாள். சர்க்காரையே ஏமாற்றிவிட்டதாகப் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். அந்தக் கதைக்கு நீலகண்டனும் சிரித்திருக்கிறான்.

வாயைத் திறந்தால் இந்தச் சம்பந்தம் போச்சு, தன் வேலை போச்சு, கல்லாற்றில் கைகூப்பி நின்றவனுக்குக் கொடுத்த வாக்கும் போச்சு. திறக்காவிட்டால் எதிரே நிற்கிற இந்த முகம்.

"மாமி, இந்தத் திரையிலே வசூரி ஒட்டியிருக்கு," என்றான். "நான் கண்ணாலே பார்த்தேன். ஒரு குழந்தை இதிலே முகத்தைத் துடைச்சுது. இன்னைக்கே குத்திண்டா தப்பிக்கலாம். இன்னைக்கே!"

கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் எழுந்ததும் வண்டியேறியதும் தெரியவில்லை. அத்தை ஒரு செருப்பை விட்டுவிட்டே தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் விஜயத்துக்கு, அப்புறம் சீதாலக்ஷ்மிக்கும் குழந்தைக்கும், அதற்கப்புறம் தெரு முழுக்கக் கையைச் சுரண்டி அம்மை குத்திவிட்டார். மயிலின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். "எத்தனை ஒசத்தி வெல்வெட்!" என்று நாலு வீட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எந்த வீட்டுக் குழந்தை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நீலகண்டன் "கல்லாறு" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வீட்டுக்கும் பதினாறு நாள் காவல். யாரும் வரவும் கூடாது, போகவும் கூடாது. மதிலுக்கு இந்தப் பக்கம் நீலகண்டன் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பான். பிறகு சீதாலக்ஷ்மியின் முகம். பிறகு குழந்தையின் முதுகு. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி விஜயத்தை ஜன்னலருகே இழுத்துப் போய்ப் பார்ப்பாள். இரண்டு வீட்டிலிருந்தும் சண்டைச் சத்தமே வராதது தெருவுக்கு என்னவோ போலிருந்தது. பதினோராம் நாள் குழந்தையின் கன்னத்தில் ஒரு சிவப்பு. நீலகண்டன் அதை எதிரில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அசையவில்லை, சாப்பிடவில்லை. விளக்கு வைக்கும்போது அது அமுங்கிவிட்டது. கொசு கடித்திருக்கிறது.

கடைசியில் ஒருத்தருக்கும் ஒரு முத்துகூடப் போடவில்லை. காவல் நீங்கின மறுநாளே தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது: வசூரியாவது ஒன்றாவது, திரை தர மனசில்லாமல் அந்த மனுஷன் கட்டின கதை. குத்திக்கொண்டதால்தான் வரவில்லையோ என்று யாரோ ஒருவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. நாகலக்ஷ்மி மாமி இரண்டு தரப்பிலும் சேரவில்லை. நீலகண்டனோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவன் பெண்ணுக்கு மதிலுக்கு மேலாகப் பஜ்ஜி வருவது எப்படியோ நிற்கவில்லை.

வைகாசியில் விஜயத்துக்குக் கொல்லத்தில் கல்யாணம் ஆயிற்று. பையன் பாங்கு குமாஸ்தா. பெண் பார்க்க வந்தபோது அந்தக் கரி நிலையில் மாமி ஒரு துணியும் மாட்டவில்லை. கல்லிடைக்குறிச்சிப் பையனுக்குத் தென்காசியில் பெண் அமைந்தது. அத்தையின் செருப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.

மாதிரி ஒன்று குறைந்ததற்காகக் கம்பெனி நீலகண்டனை அனுப்பிவிட்டது. கோயமுத்தூர் மில்லில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டான். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் யாரிடமும் சொல்லாமல் கல்லாற்றுக்குப் போய்வந்தான். நேசையன் வீடு பூட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பின அன்றைக்கே அப்படித்தான் கிடந்ததாம். அன்று விடிகிற நேரத்தில் மாட்டு வண்டி ஒன்று பாலோடு ஊர்ப் பக்கமாகப் போனதைப் பாலத்தடிக் கடைக்காரர் பார்த்திருந்தார்.

"வண்டியிலே எத்தனை பேர்?" என்றான் நீலகண்டன். "ரெண்டு பேரா, மூணு பேரா?"

"ஆரு எண்ணினா சாமி? நல்ல மஞ்ஞு, கண்ணு தெரியலை. ரெண்டோ மூணோ."

அடுத்த வாரம் அவன் சீதாலக்ஷ்மியோடும் குழந்தையோடும் தம்பானூரில் ரயிலேறினான். ஏறி உட்கார்ந்த பிறகும் எல்லாரும் ஏறியாயிற்றா என்று விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினான். மூன்று பேரை எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று வழியனுப்பப் போனவர்கள் தெருவுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.