தனித்தனி டீ

ஆண்ட்ரூஸ் பாடிய ராக் பேண்டுகள் எல்லாமே உடைந்துபோயின. அவன்மேல் குற்றம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அஞ்சு வீட்டில் திருட்டுப் போய், அஞ்சு வீட்டுக்கும் ஒரே ஆள் விருந்துக்குப் போயிருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

திருச்சியில் கல்லூரி நாளில் ஆரம்பித்த 'கொடுக்கு', இங்கிலீஷில் பாடுவதா தமிழில் பாடுவதா என்று சண்டை போட்டு, கடைசியில் எதிலுமே பாடாமல் கலைந்தது. சென்னையில் 'நாலாம் கியர்' கொஞ்சம் பேர் வாங்கியது. கொச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில் கிதார்காரனுடைய ஆம்லேட்டை டிரம்ஸ்காரன் சாப்பிட்டுவிட்டான். பாலக்காட்டிலிருந்து இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் வந்தார்கள். பெங்களூர் பேண்டு, பெயர் வைப்பதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டைப் பற்றி அவன் பேசுவதில்லை.

பேண்டு உயிரோடு இருக்கிறவரை அவனுடைய மைக் பயிற்சி நடக்கும் இடத்திலேயே இருக்கும். அது பைக்குள் ஏறி, அவனுடைய சொந்த ஊரான ஆவூருக்கு வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அவனுடைய அம்மா வியாகுலமேரி பையைப் பார்ப்பாள்.

"ஒடஞ்சுருச்சா?"

"ஒடஞ்சுருச்சும்மா."

"சரி, கை கழுவிட்டு வா."

நாற்பது வயது தாண்டியதும் இலுப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தான். தொண்டையில், ராக் பாட்டின் உச்சத்தில் அவன் போடும் அந்த அலறல் அப்படியே பத்திரமாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு பேண்டு நிலைத்திருந்தால் போதும், செத்தால்கூட நிம்மதியாகச் சாவேன் என்று பூசை நேரத்தில் நினைத்துக்கொள்வான். இதைச் சாமியாரிடம் சொன்னதில்லை.

அப்போதுதான் ஆண்டியப்பன் வீடு தேடி வந்தார். விராலிமலையில் நாலுவழிச் சாலை ஓரத்தில் புரோட்டாக் கடை வைத்திருப்பவர். கொடுத்த காபியை முழுதாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"எம்மகன் ரகுநாத் ஒரு பேண்டு வச்சுருக்கான் தம்பி. 'புழுக்கம்'னு பேரு. கல்லாவுல ஒக்கார மாட்டேங்குறான். நீங்க அதுல சேந்து பாடணும்."

ஆண்ட்ரூஸ் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "என் பாட்டக் கேட்டுருக்கீங்களாண்ணே?"

"இல்லைங்க. ஒங்களப் பத்திக் கேள்விப்பட்டேன். நீங்க சேந்தா எந்த பேண்டும் வருசம் தாண்டாதாமே."

"நான் வேணும்னு எதையும் ஒடச்சதில்லைங்க."

"வேணும்னு நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் தம்பி. எப்பவும் போல இருங்க. அது போதும்."

ரோஷமுள்ளவன் என்றால் அப்போதே வாசலைக் காட்டியிருக்க வேண்டும். ஆண்ட்ரூஸ் உள்ளே போய் மைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

பயிற்சி நடந்தது கடைக்குப் பின்னால், முன்பு கறிக்கோழி வளர்த்த கொட்டகையில். கோழி போனாலும் வாசம் போகவில்லை. ரகுநாத் கிதார், கோபிநாத் டிரம்ஸ், கலைமதி பேஸ் கிதார். மூன்று பேருக்கும் அவன் வயதில் பாதிதான். முதல் பாட்டில் ஆண்ட்ரூஸ் அலறியதும் மலையிலிருந்து மயில்கள் பதிலுக்குக் கத்தின. அது அடங்கிய இடத்தில், மிகச் சரியாக, ரகுநாத்தின் கிதார் உள்ளே வந்தது. ஆண்ட்ரூஸ் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை பேண்டில் ஒருவன்கூட அந்த இடத்தில் உள்ளே வந்ததில்லை. ஐயோ, இது உடையக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான்.

பேண்டு சாகிற லட்சணம் ஆண்ட்ரூஸுக்கு அத்துப்படி. சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவரை பயமில்லை. ஒருவன் டீ குடிக்கக் கிளம்பும்போது இன்னொருவன் "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, அவன் திரும்பி வந்த பிறகு தனியாகப் போய்க் குடிப்பான். அதுதான் ஆரம்பம். மார்கழி பிறந்தபோது ரகுநாத்தும் கோபிநாத்தும் அப்படிக் குடித்தார்கள். தாளத்தில் ரகுநாத் அவசரப்படுகிறான் என்று கோபிநாத்தும், கோபிநாத் இழுக்கிறான் என்று ரகுநாத்தும் ஆண்ட்ரூஸிடம் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

"எப்படிங்க போகுது?" என்று ஆண்டியப்பன் கல்லாவிலிருந்து கேட்டார்.

"தனித்தனியா டீ குடிக்கிறாங்கண்ணே."

ஆண்டியப்பன் முகம் மலர்ந்து அவனுக்கு ஒரு செட் புரோட்டா போடச் சொன்னார். அவன் பாதியிலேயே எழுந்து கை கழுவினான்.

பஸ்ஸில் போகும்போது ஆண்ட்ரூஸ் பழைய சண்டைகளை எல்லாம் யோசித்துப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் அவன் நடுவில் போய் இரண்டு பேரையும் சமாதானம் செய்திருந்தான். "ஆண்ட்ரூஸே என் பக்கம்தான்" என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டு இன்னும் முறுக்கிக்கொண்டார்கள். ஆம்லேட் விஷயத்தில்கூட அதுதான் நடந்தது. அந்த ஆம்லேட்டை நாமே எடுத்துத் தின்றிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நம்மை அடித்திருப்பார்கள், பேண்டு பிழைத்திருக்கும் என்று அவனுக்குப் பட்டது. ஆவூர் வருகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனான். ரகுநாத் தனியாக வாசிக்கிற இடத்தில், அந்த அருமையான இடத்தில், மேலே விழுந்து கத்தினான். கோபிநாத்தைப் பார்த்து, "என்னப்பா, தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு" என்றான். ஒரு வாரம் இப்படியே ஓட்டினான். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. கடைசியாக, பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை மூன்று பேர் முகத்துக்கு நேராகச் சொன்னான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. எனக்காகத்தான் இந்த பேண்டக் கச்சேரிக்குக் கூப்புடுறாங்க. நீங்கள்லாம் சும்மா பின்னாடி நிக்கிறீங்க."

கோபிநாத் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"ரகு, வாடா. டீ குடிச்சுட்டு வருவோம்."

கலைமதியும் கூடவே போனாள். கோழிக் கொட்டகையின் கம்பி வலை வழியாக ஆண்ட்ரூஸ் பார்த்தான். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கோபிநாத்தின் கண்ணாடி டம்ளரை வாங்கி ரகுநாத் ஒரு வாய் குடித்தான். ஆண்ட்ரூஸுக்கு அழுகையாக வந்தது. மைக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான் ரகுநாத், திரும்பி வந்து. "நாங்க மூணு பேருமே வாசிச்சுக்கிறோம். பாட்ட நானே பாடிக்கிறேன்."

மரியாதைக்குக் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு ஆண்ட்ரூஸ் வெளியே வந்தான். பெஞ்சில் மூன்று பேரும் பேசியதைக் கேட்டிருந்த ஆண்டியப்பன் கல்லாவில் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இப்புடிப் பண்ணீட்டீங்க? எப்பவும் போல இருங்கன்னுதானே சொன்னேன்?"

"மன்னிச்சுருங்கண்ணே."

பின்னால் கொட்டகையில் பாட்டு ஆரம்பித்தது. அலறல் வர வேண்டிய இடத்தில் ரகுநாத் என்னவோ கத்திப் பார்த்தான். மயில்கள் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்து கிதார் சரியாகத்தான் உள்ளே வந்தது. பஸ் வருகிறவரை ஆண்ட்ரூஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். இனி யாரும் தன்னைப் பாடக் கூப்பிடப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வீட்டில் வியாகுலமேரி பையைப் பார்த்தாள்.

"ஒடஞ்சுருச்சா?"

"இல்லம்மா. அது ஒடையல. நல்லா இருக்கு."

அவள் இப்படி ஒரு பதிலைக் கேட்டதே இல்லை. சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து மூடினாள்.

"அப்பன்னா அந்தப் புள்ளைகள ஒரு நாளைக்குச் சாப்புட வரச் சொல்லு."

"வர மாட்டாங்கம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் ஆண்ட்ரூஸ். "எல்லாரும் ஒண்ணாச் சேந்து எம்மேல கோவமா இருக்காங்க."

அதைச் சொல்லும்போது பெருமை அவனுக்குத் தாங்கவில்லை.