ஓரத்தில் இருசப்பன்

எழுபத்து நாலாம் வருஷம். செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜானகிராமன், மாமல்லபுரத்துக் குகை மண்டபங்களை ஒரு பேராசிரியருக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தரை, தூண், கூரை என்று அத்தனையையும் ஒரே வட்டத்துக்குள் வாரிப்போட்டு, ஓரத்தில் இருப்பதை வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ் பேராசிரியர் நம்பிக் கொடுத்தது. முன்கண்ணாடி முட்டைபோல் புடைத்து நிற்கும். அதற்கு மேல் காப்புக் கண்ணாடி போட வழியில்லை. உப்புக்காற்று பட்டால் முதலில் ரப்பர் பந்தால் ஊதி, பிறகு மெல்லிய தூரிகையால் தட்டி, கடைசியில்தான் தாளால் ஒற்றுவார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அத்தனை பதமாக மூக்குத் துடைத்ததில்லை.

ஒரு நாள் காலை பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் கவிழ்ந்து இருசப்பன் செத்துப்போனான். அவன் முகம் எந்தப் படத்திலும் இல்லை. பிணம் எடுப்பதற்குள் ஒரு படம் வேண்டும் என்று அவன் பெண்சாதி சம்பூர்ணம் ஆள் அனுப்பினாள். ஜானகிராமனிடம் இருந்தது அந்த ஒரே லென்ஸ். முகத்தை நடுவில் வைத்தால் கோணாது, பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போனார்.

வழக்கப்படி பிணத்தைப் பெஞ்சில் சார்த்தி உட்காரவைத்திருந்தார்கள். மூடி திறந்த கேமராவைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சுற்றிலும் உறவுக்காரர்களை நிறுத்தப் போனார்.

"மச்சான், நீ இன்னா குறுக்க நின்னுகினு கீற? செத்தது நீயா, அவனா?" என்று யாரோ அதட்டினார்கள்.

திரும்பி வந்தால், இருசப்பனின் அக்கா பொன்னியின் மடியில் கேமரா.

"கண்ணாடில உப்பு பூத்துக் கெடந்துச்சு அண்ணாத்த. லாந்தர் சிமினி மாறி சாம்பல் போட்டுத் தேச்சிட்டேன். தம்பி மூஞ்சி பளிச்சுனு வரட்டும்."

ஜானகிராமன் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கண்ணை வைத்துப் பார்த்தார். நடுவெல்லாம் கீறல் விழுந்து பனி மூடிக் கிடந்தது. விரல் எட்டாத ஓரம் மட்டும் தெளிவு.

"சுத்தமா கீதா?" என்றாள் பொன்னி, வீங்கிய கண்களோடு.

"கீதுக்கா."

பேராசிரியரிடம் தன் கை தவறியதாகச் சொல்லிக்கொள்ளலாம். சம்பூர்ணத்தை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"நடுவுல வெச்சா மூஞ்சி பொகையாட்டம் பூடும்மா. ஓரத்துல தெளிவா வரும், ஆனா ஒக்காந்தா வளைஞ்சிடும். காலு நடுவுல, தலை ஓரத்துல வர்ற மாறி குறுக்கால நீட்டிப் படுக்கவெச்சா வளையாது, மூஞ்சி கொஞ்சம் குறுகும், அவ்ளோதான்."

"படுக்கவெச்சிப் புடிக்கிறதா? நம்ம வழக்கமே இல்லியே!" என்றார், அவள் பின்னாலேயே வந்த பெரியவர் அப்பாசாமி.

"படுக்கட்டும் மாமா," என்றாள் சம்பூர்ணம். "அந்த மனுசன் என்னிக்கு வூட்ல ஒக்காந்தாரு? எனக்கு மூஞ்சி தெரியணும்."

ஓரத்தில் தலை வரும்படி கிடத்தினார்கள். முகத்தைக் கேமரா பக்கம் அவளே திருப்பிவைத்தாள். ஜானகிராமன் மூன்று முறை அழுத்தினார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று படம் வந்தது. பொன்னி அதில் தன்னைத் தேடினாள். "நா எங்க அண்ணாத்த? ஒரே பனியா கீதே!"

"காலைப் பனிக்கா."

சம்பூர்ணம் படத்தைக் கையில் வாங்கினாள். ஓரத்தில் இருந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். உறவெல்லாம் பனிக்குள் சாய்ந்துபோக, படுத்திருந்த இருசப்பன் நிமிர்ந்து நின்றான்.

"இப்டியே மாட்டுங்கண்ணா," என்றாள்.