அஞ்சு வீட்டுக்கு ஒரு சாம்பிள்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அப்பாதுரைக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் படிப்பது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கல்யாணமான புதிதில் குணசுந்தரி இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவர் சுரங்க வேலையிலிருந்து ரிடையர் ஆனார். ரிடையரானவன் ஆறு மாசத்தில் லைன் வீட்டைக் காலி பண்ணணும். மகன் சுரங்கத்தில் சேர்ந்தால் வீடு தங்கும். அப்பாதுரைக்கு மகன் இல்லை. கைக்கு வந்தது ஒன்பதாயிரம். அதை வைத்து பேத்தமங்களா பக்கம் மனை வாங்கி இரண்டு ரூம் போட்டால் உண்டு, இல்லையென்றால் தெருதான். மனை பார்த்து முடிக்கிற வரைக்கும் பணம் ஏன் சும்மா தூங்கணும் என்று குணசுந்தரி கேட்டாள். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக ஒரு நிதிக் கம்பெனி திறந்திருந்தார்கள். நூறு போட்டால் மாசம் மூணு ரூபாய் வட்டி, கூடவே லட்சுமி படம் போட்ட காலண்டர். லைனே போய் விழுந்தது. அப்பாதுரையும் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மில் ஃபோர்மேன் ஹரோல்ட் ஆஸ்திரேலியா போகிறார் என்று வீட்டுச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தது. அப்பாதுரை இருபத்திரண்டு ரூபாய்க்கு ஒரு மர பீரோ எடுத்தார். பீரோவுக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்திருந்தது ஒரு தடிப் புத்தகம். அதையும் சேர்த்தே எடுத்துக்கச் சொன்ன ஹரோல்ட், தன் அப்பா அதை மூணு தரம் படித்தார், கடனோடு செத்தார் என்றார். படித்ததற்கும் செத்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று அப்பாதுரை கேட்டார். தெரியாது, நான் படிக்கவில்லை என்றார் ஹரோல்ட்.

யுத்தத்துக்கு முன்னால் அமெரிக்காவில் அச்சான இங்கிலீஷ் புத்தகம். பங்கு வாங்குவது எப்படி, காசைப் போடுமுன் எதைப் பார்க்கணும் என்று ஐநூறு பக்கத்துக்கு ஒருத்தர் பொறுமையாக எழுதியிருந்தார். பீரோவுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, அப்பாதுரை டிக்ஷனரியோடு உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு நாலு பக்கம் தேறியது.

இதைக் கேட்டுச் சிரிக்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு வாசு இருந்தார். சுரங்க ஷாஃப்டில், ஆட்களை மேலும் கீழும் கொண்டுபோகிற கூண்டான கேஜில் ஆள் ஏற்றி மணி அடிக்கிறவர், அதே லைன்காரர், இருபது வருஷத்து டீ சிநேகம். அடுத்த வருஷம் அவருக்கும் ரிடையர். சும்மா சொல்லக் கூடாது, வாசு கேட்டதெல்லாம் நியாயமான கேள்விதான். அந்தப் புத்தகத்தில் வருகிற ரயில் கம்பெனியெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? அது எழுதினபோது அரிசி இன்னா வெல, இப்ப இன்னா வெல? செத்துப்போன காலத்துப் புத்தகம், முட்டுக்கொடுக்கத்தான் லாயக்கு என்றார்.

ஆனால் அரிசி விலை மாறினாலும் மாறாத ஒரு சங்கதி அதில் இருந்தது. தருகிறேன் என்று ஒருத்தன் சொல்வதைப் பார்க்காதே, எங்கேயிருந்து எடுத்துத் தருகிறான் என்று பார். அப்பாதுரைக்கு இது புதுசே இல்லை. இருபத்தேழு வருஷம் அவர் பண்ணினது இதைத்தான். பூமிக்கடியில் தங்க ரேகை ஓடுகிற பாறையில் அஞ்சடிக்கு ஒரு இடம் அளந்து, உளியால் செதுக்கிப் பையில் போட்டு, சோதனைக்கு அனுப்பணும். அதற்குப் பேர் சாம்பிள். பளபளவென்று மின்னுகிற இடத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். போகக் கூடாது. அளவு எங்கே விழுகிறதோ அங்கேதான் செதுக்கணும். இன்னொரு சட்டமும் உண்டு. ரிசல்ட் என்னவென்று வெளியில் மூச்சுவிடக் கூடாது. விட்டால் வேலை போகும்.

மாசம் மூணு ரூபாய் மின்னுகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உடனே பழைய நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லைனில் அறுபது வீடு. அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடு, பன்னிரண்டு கதவு. வட்டி வந்ததா, முதல் திரும்பி வந்ததா என்று ரெண்டே கேள்வி. பதினோரு வீட்டுக்காரர்கள் பணம் போட்டிருந்தார்கள். பதினோரு பேருக்கும் வட்டி டாண் டாணென்று வந்திருந்தது. முதலை ஒருத்தரும் திரும்பி வாங்கவில்லை, ஏனென்றால் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு அம்மா, முட்டை போடுற கோழியை யாராவது திருப்பிக் கேட்பாங்களா என்று சண்டைக்கே வந்தாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் நிதிக் கம்பெனிக்குப் போனார். ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு இரும்புப் பெட்டி. எங்க பணத்தை யாருக்குக் கடன் கொடுக்கிறீங்க என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் இன்னொரு காலண்டர் கொடுத்தார். அப்படியானால் என் முதலைக் கொடுங்க என்றார். மேனேஜர் டீ வரவழைத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார். அப்பாதுரை டீயைக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குள் புதிதாகப் பணம் போட ஏழெட்டுப் பேர் வந்து போனார்கள். அவர்கள் கொடுத்த ரூபாய் நோட்டுகளும் பெட்டியில் கிடந்ததும் சேர்ந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் நகர்ந்து, அவருடைய பைக்குள் போயின. அவர் கண் முன்னால்தான் போயின. ஒன்பதாயிரம் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் வெளியாட்கள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சுரங்கத்துப் பழக்கம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலை வாசுவோடு உட்கார்ந்து டீ குடித்தார். புத்தகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வாசு கேட்டார். முந்நூறாவது பக்கம் என்று சொன்னார், அவ்வளவுதான். பையைப் பீரோவில் பூட்டணுமே என்று குணசுந்தரியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் அவள் குழாயடியில் ஒருத்தியிடம் சொன்னாள். ஒருத்தியிடம்தான் சொன்னாள் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் லைனே ராபர்ட்சன்பேட்டைக்கு ஓடியது. முதலில் நின்ற நாலைந்து பேருக்குக் கிடைத்தது. மத்தியானம் கம்பெனியில் பூட்டுத் தொங்கியது. வாசு காலை ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் கீழே இருந்தார். வீட்டுக்காரி குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ரெண்டு மணிக்கு மேலே ஏறி வந்து அவர் பார்த்தது பூட்டைத்தான். மனைக்கென்று பி.எஃப்பில் கடன் எடுத்துப் போட்ட நாலாயிரம் உள்ளே.

அப்பாதுரை கேட்டதால்தான் கம்பெனி போச்சு என்று பாதி லைன் சொன்னது. வெள்ளைக்காரன் புத்தகம் வந்த நேரம் என்று மீதி லைன் சொன்னது. கேட்காமலிருந்தாலும் அது போயிருக்கும், இன்னும் நிறையப் பேரை வாரிக்கொண்டு போயிருக்கும். இதைச் சொல்ல அப்பாதுரைக்கு வாய் வரவில்லை. யாருடைய நோட்டு தன் பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து வாசு வந்தார். உட்காரவில்லை.

"வீடு வீடாப் போய்க் கேட்டீங்களாம். என் வீட்டுக் கதவை ஏன் தட்டலண்ணா?"

"அஞ்சாவது வீடுதான் கணக்கு வாசு. உன்னுது நாலாவது."

வாசு இதை யோசித்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட அப்பாதுரைக்குத் தேவலாம் போல இருந்தது.

"நானும் எண்ணித்தான் கேஜுல ஆளு ஏத்தறேன்," என்றார் வாசு. "மேல ஏறும்போது நாலாவது ஆளைக் கீழயே வுட்டுட்டு மணி அடிச்சதில்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாதுரைக்கு வெட்கமாக இருந்தது. ரிடையரான வயசில் மனுஷனுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. புத்தகத்தை எடுத்து, பாக்கியிருந்த பக்கங்களின் தலைப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தார். கம்பெனி, கடன், லாபம், நஷ்டம், எல்லாவற்றுக்கும் ஒரு அத்தியாயம் இருந்தது. எதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் பீரோவைத் திறந்து பணத்தை இரண்டாகப் பிரித்தார். குணசுந்தரி பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை ரூம் என்று கேட்டாள். ஒன்று என்றார். அப்படியானால் அடுப்பை வெளியில் வைத்துக்கலாம் என்றாள்.

வாசு ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு, அப்பாதுரை போய் நாலாவது வீட்டுக் கதவைத் தட்டினார். வாசு திறந்தார். அப்பாதுரை துணிப்பையை நீட்டினார்.

"இன்னா இது?"

"உன்னோட நாலாயிரம்."

"இதுவும் புக்குல போட்டிருக்குதா?"

"இல்ல."

வாசு பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நீட்டவில்லை. உள்ளே வரச் சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. அப்பாதுரை பையை நீட்டியபடியே நின்றார்.